மௌஸ் வழுக்கின மேஜை

அத்தியாயம் ஆறு

செங்கம்மாளுக்குக் கீழ் உதடு கிழிஞ்சு தொங்கறது. இடது கண்ணு திறக்கவே இல்லை. லாக்கப் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டு நிக்கறா பாருங்கோ, அதுல மூணு விரலுக்கு நகம் கன்னங்கரேல்னு ஆயிருக்கு. லத்தியால விரல் மேலயே போட்டிருக்கா, பாவிகள்.

"ரெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டினு போறாங்களாம்க்கா," அப்படின்னா. வாயைத் திறந்தாலே ரத்தம் வழியறது. "அங்கருந்து திகார் ஜெயிலுதான்னு சொல்றாங்க. கைநாட்டு வெச்சா அடிக்க மாட்டோம்னாங்க. நான் வெக்கல."

வசுமதி வாட்சைப் பார்த்தா. பத்தரை.

இந்த வசுமதி யாருன்னு சொல்லிடறேன். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னாடி டெய்லர் கடை மாடில துப்பறியற ஆபீஸ் வெச்சிருக்கா. அம்பத்திரண்டு வயசு, குள்ளம், காட்டன் புடவைக்குக் கீழ கேன்வாஸ் ஷூ. பக்கத்துல ஒட்டடைக் குச்சி மாதிரி நிக்கறவன் மாசிலாமணி, அவளோட அசிஸ்டென்ட். நேரு ப்ளேஸ்ல பத்து வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன். எந்த மெஷினையும் ஓட வெச்சுடுவான், தன் வாயை மட்டும் நிறுத்தத் தெரியாது. செங்கம்மா அவன் இருக்கற ஜுக்கிக் குடிசைப் பகுதில மூணு வீடு தள்ளி இருக்கறவ. அதனாலதான் இந்தக் கேஸே இவா கைக்கு வந்தது.

கேஸ் என்னன்னா, சேஷன்னு ஒரு ரிட்டையர்டு அண்டர் செக்ரட்டரி. பெண் மாதங்கி, மாப்பிள்ளை சுந்தரேஷ், அவாளோட கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்லதான் இருந்தார். போன புதன்கிழமை பாத்ரூம்ல மண்டை பொளந்து கிடந்தார். வெள்ளிக்கிழமை போயிட்டார். தானா விழுந்த அடி இல்லை, யாரோ மோதவெச்ச அடின்னு டாக்டர் எழுதிட்டார். பெண் ஏழு மணிக்கே ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போயாச்சு. மாப்பிள்ளை எட்டரைக்கு ஆபீஸ். பத்து மணிக்கு வேலைக்கு வந்தவ செங்கம்மா, பதினோரு மணிக்கு ஃபோன்ல கத்தினவளும் செங்கம்மா. போலீஸுக்கு வேற என்ன வேணும்? பிடிச்சுண்டு போயிட்டா.

"ஒரு மணி நேரம் நீ பார்க்கவே இல்லையா?" வசுமதி கேட்டா.

"பாத்ரூம் கடேசிலதானேக்கா களுவுவேன். அய்யா ரூமுதான் மொதல்ல கூட்டுவேன். அன்னிக்குன்னு அது பூட்டிக் கெடந்துச்சு. நாலு வருசத்துல ஒரு நாளும் பூட்டினது இல்ல."

"இதை போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கண்ணுல விட்டாங்க."

மாசிலாமணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிண்டுட்டான்.

"இன்னொண்ணுக்கா. ஒரு வாரமா அய்யா கம்ப்யூட்டர்ல என்னமோ கடுதாசி அடிச்சினு இருந்தாரு. மாப்ள சத்தம் கேட்டா டக்குனு மூடிடுவாரு. என்னாங்கய்யான்னு கேட்டேன். மாதங்கி விசயம்னாரு."

"சேஷன் ரூம்," அப்படின்னு வசுமதி திரும்பினா. "சலோ மாசி, ஜல்தி."

மாதங்கி கதவுச் சங்கிலியைக் கழட்டாமயே எட்டிப் பார்த்தா. ஆகஸ்ட் மாச டெல்லி, காத்தைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். இவ மணிக்கட்டு வரைக்கும் முழுக்கை ரவிக்கை போட்டுண்டு நிக்கறா.

"அவர் ஆபீஸ் போயிருக்கார் மாமி. யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு..."

"மாமனார் போய் மூணு நாள்தான் ஆறது. அதுக்குள்ள ஆபீஸா?"

"ஏதோ ஃபைலாம்."

"செங்கம்மாவை ரெண்டு மணிக்குக் கோர்ட்ல நிறுத்தப் போறா. உங்கப்பாவுக்கு நாலு வருஷம் கஞ்சி கரைச்சுக் கொடுத்தவ. அவ அடிச்சிருப்பான்னு நீ நினைக்கறியா?"

மாதங்கி சங்கிலியைக் கழட்டினா. இவா உள்ள போகறச்சே அவ ஃபோன்ல என்னமோ ரெண்டு வார்த்தை தட்டினதை வசுமதி பார்த்தா.

சேஷன் ரூம் சின்னது. கட்டில், பீரோ, ஜன்னலண்ட ஒரு பெரிய மேஜை. ரிட்டையர் ஆனப்போ பழைய சாமானெல்லாம் ஆபீஸ்ல ஏலம் விட்டா, தான் உக்காந்த மேஜையைத் தானே ஏலத்துல எடுத்துண்டு வந்துட்டார் மனுஷர். கவர்மெண்ட் மேஜைன்னா மேல கண்ணாடி இல்லாம இருக்குமோ? கண்ணாடி, அதுக்கு அடியில ஃபோன் நம்பர் லிஸ்ட், பேரன் பேத்தி போட்டோ, பெருமாள் படம், எல்லாம் வரிசையா. மேல கம்ப்யூட்டர், ஒரு பித்தளை பேப்பர் வெயிட். மூலைல ஒரு ப்ரிண்டர்.

மாசிலாமணி உக்காந்து கம்ப்யூட்டரைப் போட்டான். மௌஸை நகர்த்தினான். அம்பு நகரல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினான். நின்னு, யோசிச்சு, திடீர்னு மூலைக்கு ஒரு தாவு தாவித்து.

"என்னா மேடம் இது, சம்பளம் வராத ப்யூன் மாதிரி நடக்குது?"

"புதன்கிழமைலேர்ந்து அப்படித்தான்," மாதங்கி வாசப்படிலேர்ந்தே சொன்னா. "அவர் பேட்டரி மாத்தினார். சரியாகல்லை. தூக்கிப் போடுன்னுட்டார்."

"செவ்வாய்க்கிழமை?" வசுமதி கேட்டா.

"அப்பா அன்னிக்கு ராத்திரி சீட்டாடினாரே இதுல. ஒழுங்கா ஓடித்து."

மாசிலாமணிக்கு இது போதாதோ? பேட்டரியைக் கழட்டி நாக்குல தொட்டுப் பார்த்தான், நல்ல உசிர் இருக்குன்னான். குட்டி ரிசீவரைப் பிடுங்கி வேற துவாரத்துல சொருகினான். மௌஸைக் கவுத்துப் போட்டு, அதோட கண்ணை வேஷ்டி நுனியால துடைக்கற மாதிரி சட்டை நுனியால துடைச்சான். கம்ப்யூட்டர்ல பின்னாடி ஏதாவது பெரிய ப்ரோக்ராம் ஓடறதான்னு பார்த்தான், ஒண்ணும் இல்லை. கடைசில தன் பைலேர்ந்து வேற மௌஸ் எடுத்து மாட்டினான். அதுவும் அதே மாதிரி நின்னு நின்னு தாவித்து.

"இது நேத்துதான் வாங்கினது மேடம். இந்த வீட்டுக்கு வந்தா எல்லாத்துக்குமே கால் ஓட மாட்டேங்குது."

விளையாட்டாத்தான் சொன்னான். அப்படியே மௌஸைத் தூக்கித் தன் தொடை மேல வெச்சுண்டு தேய்ச்சான். அம்பு சர்ருனு ஓடித்து.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துண்டா.

"மௌஸுக்கு ஒண்ணும் இல்லை," வசுமதி சொன்னா. "மேஜைக்குத்தான் வியாதி."

"கண்ணாடி மேடம்! மௌஸுக்கு அடில கண்ணு இருக்குதில்ல, அதுக்குப் பார்க்க எதுனா சொரசொரப்பு வேணும். பளபளன்னு இருந்தா அதுக்கு நகர்றோமா நிக்கறோமான்னே தெரியாது."

"அப்போ செவ்வாய்க்கிழமை எப்படி ஓடித்து? மாதங்கி, இந்தக் கண்ணாடி பழசா?"

"அப்பா ஆபீஸ்ல இருந்தப்போலேர்ந்து அதுதான். குண்டூசியும் ஸ்டாம்பும் இழுத்து இழுத்து வலது பக்கம் பூரா கீறல். வெள்ளையா மங்கிப் போயிருக்கும். அடில இருக்கற நம்பரே தெரியாது, நான் எத்தனையோ தடவை மாத்துங்கோன்னு..."

சொல்லிண்டே வந்தவ மேஜையைப் பார்த்தா. நம்பரெல்லாம் பளிச்சுனு தெரியறது. ஒரு கீறல் இல்லை.

"அம்மா போட்டோ எங்க?" அப்படின்னா மாதங்கி. "வலது பக்கம்தானே இருக்கும். அம்மா போட்டோ எங்க?"

மாசிலாமணி கண்ணாடியோட ஒரு ஓரத்தைத் தூக்கினான். பெருமாள் படத்துக்கு அடியில ஒளிச்சு வெச்ச மாதிரி இருந்தது அந்த போட்டோ. வசுமதி இழுத்தா. புடவை இருக்கு, கழுத்துச் சங்கிலி இருக்கு, முகம் இருந்த இடத்துல வெறும் வெள்ளைக் காகிதம். இருபது வருஷ மழைக்கால ஈரத்துல போட்டோ கண்ணாடியோட ஒட்டிண்டிருந்திருக்கு. யாரோ கண்ணாடியை வெடுக்குனு பிடுங்கினப்போ முகம் அதோடயே போயிடுத்து.

மாதங்கி அதை வாங்கிண்டு அப்படியே கீழ உக்காந்துட்டா. அழல்லை.

"உங்கப்பா பாத்ரூம்ல விழல்லைம்மா," வசுமதி மெதுவா சொன்னா. "இந்த மேஜைல அவர் தலையை மோதியிருக்கா. கண்ணாடி உடைஞ்சிருக்கு. பாத்ரூமுக்கு இழுத்துண்டு போய்ப் போட்டுட்டு, ரூமைப் பூட்டிட்டு, அப்பறம் புதுசு போட்டிருக்கா. செங்கம்மாகிட்ட இந்த ரூம் சாவி உண்டா?"

"இல்லை. என்கிட்ட ஒண்ணு. அவர்கிட்ட ஒண்ணு."

"மேடம், இங்க பாருங்க." மாசிலாமணி கண்ணாடியோட அடிப்பக்கத்துக்குக் கீழ தலையை விட்டிருந்தான். "மூலைல வெள்ளைப் பெயிண்டு. மூணு, கோடு, பதினாலு. ஆபீஸ் நம்பருங்க இது. மூணாவது மாடி, பதினாலாவது மேஜை. நான் இந்த மாதிரி ஆபீஸுங்கள்ல ப்ரிண்டர் ரிப்பேருக்குப் போனப்ப நாற்காலிலேர்ந்து குப்பைத்தொட்டி வரைக்கும் நம்பர் போட்டிருப்பாங்க. என் முதுகுலயும் போட்டிருப்பாங்க, நான் நிக்கல, ஓடியாந்துட்டேன்."

"உங்காத்துக்காரர் ஆபீஸ் எங்க?"

"லோதி ரோடு பக்கம். மூணாவது மாடி," அப்படின்னா மாதங்கி.

இப்போ வசுமதிக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்கண்ணாடி உடைஞ்சா மார்க்கெட்ல போய் வாங்கலாம். கடைக்காரன் பின்னாடி ஞாபகம் வெச்சுப்பான்னு பயந்து சுந்தரேஷ் தன் ஆபீஸ் மேஜைக் கண்ணாடியையே உருவிண்டு வந்திருக்கான். ரெண்டும் ஒரே அளவு கவர்மெண்ட் மேஜை. சரி. ஆனா மூணடி அஞ்சடிக் கண்ணாடியைத் தூக்கிண்டு கவர்மெண்ட் ஆபீஸ் கேட்டைத் தாண்ட முடியுமோ? ஒரு பழைய விசிறியை வெளில கொண்டு போறதுக்கே கேட் பாஸ் கேப்பான்.

"மாசி, ஸ்கூட்டரை எடு. அந்த கேட்ல போய் புதன்கிழமை ரெஜிஸ்டரைப் பாரு. பார்த்துட்டு ஃபோன் பண்ணு."

"காட்டுவானா?"

"நீ பேசிண்டே இரு. உன்னைப் போகச் சொல்றதுக்காகவாவது காட்டிடுவான்."

போறதுக்கு முன்னாடி மௌஸைத் தொடைல வெச்சுண்டு சேஷன் லெட்டரைத் தேடிப் பார்த்தான், ராமஜெயம் ஃபைல் தவிர ஒண்ணும் இல்லை. அவன் போன கால் மணி நேரத்துல வாசல் கதவு படார்னு திறந்தது. சுந்தரேஷ். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை, நெத்தில சின்னதா சந்தனம். மாதங்கி தட்டின ரெண்டு வார்த்தை போய்ச் சேர்ந்துடுத்து. யார் வந்தாலும் சொல்லணும்னு அந்த வீட்டுல ரூல்.

"யார் நீங்க? வெளில போங்கோ."

"போறேன். கண்ணாடி ரொம்ப நன்னா இருக்கு. எங்க வாங்கினேள்?"

அவன் மேஜையைப் பார்த்தான். கீழ உக்காந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தான். அவ மடில இருந்த போட்டோவைப் பார்த்தான். அப்பறம் நிதானமா கதவைத் தாப்பாள் போட்டான்.

அப்போதான் வசுமதியோட ஃபோன் அடிச்சுது. அவ கெட்டிக்காரி, எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வெச்சுட்டா.

"மேடம்! இஸ்மாயில் பாய்னு ஒரு தங்கமான மனுசன் மேடம் இங்க கேட்ல. பாய், பதா தீஜியே."

ஒரு கிழட்டுக் குரல், உருதுல ஊறினது, நிறுத்தி நிறுத்திப் படிச்சுது. "புத்வார். டேபிள் கிளாஸ், ஏக். வஜா, மரம்மத் கே லியே. ஸுபஹ் நௌ பஜ்கர் சாலீஸ் மினட். தஸ்தக்கத், சுந்தரேஷ் சாப்."

"கேட்டீங்களா மேடம்? புதன்கிழமை, கண்ணாடி ஒண்ணு, ரிப்பேருக்காம், கையெழுத்து அவருதே! கண்ணாடிய எவன் மேடம் ரிப்பேர் பண்ணுவான்? காலைல ஒன்பது நாப்பது! கொலைகாரன் கையில கத்தி பார்த்திருக்கேன், துப்பாக்கி பார்த்திருக்கேன். ரப்பர் ஸ்டாம்ப் இப்பத்தான் பார்க்கறேன்!" அதோட லைன் கட்டாயிடுத்து.

"ஒன்பது நாப்பது," வசுமதி சுந்தரேஷைப் பார்த்துச் சொன்னா. "செங்கம்மா வேலைக்கு வந்தது பத்து. உங்களுக்கு ஃபோன் பண்ணினது பதினொண்ணு. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேள். அப்போ ஒன்பது நாப்பதுக்கு எந்தக் கண்ணாடி உடைஞ்சதுன்னு புதுக்கண்ணாடி எடுத்தேள்?"

பதிலுக்குக் கை வந்தது.

முதல் அறைல வசுமதி கட்டில் விளிம்புல போய் விழுந்தா, வாய்ல பல்லு ஒண்ணு ஆடித்து. எழுந்துக்கறதுக்குள்ள தலைமயிரைக் கொத்தாப் பிடிச்சுத் தூக்கினான். அவ கேன்வாஸ் ஷூவால அவன் முழங்காலுக்கு நேர விட்டா, அவன் "அம்மா"ன்னான், ஆனா விடல்லை. கம்ப்யூட்டரை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு அவ முகத்தை அந்த மேஜை மேல ஒரு மோது மோதினான். மாமனாருக்குப் பண்ணின மாதிரியே. மூக்குலேர்ந்து ரத்தம் பெருமாள் படத்து மேல கொட்டித்து.

"கிழம் லெட்டர் எழுதறது! என்னைப் பத்தி! என் வீட்டுல உக்காந்துண்டு, என் சாப்பாட்டைச் சாப்பிட்டுண்டு!" கத்தினான். "எழுதின வரைக்கும் ப்ரிண்ட் எடுத்துக் கையில வெச்சுண்டு, மாதங்கி மேல இன்னொரு தடவை கை வெச்சா இது போலீஸுக்குப் போகும்னு என்னையே மிரட்டறது!"

சொல்லிண்டே நம்பர் இருந்த அந்த மூலையைப் பார்த்தான். ஸ்டூலைத் தூக்கினான். ஓங்கி ஓங்கி நாலு போடு. கண்ணாடி பொடிப்பொடியா ரூம் பூரா தெறிச்சுது, ஒரு சில்லு அவன் புருவத்தையே கிழிச்சுது, துடைச்சுக்கக்கூட இல்லை.

"இப்போ எங்க உன் நம்பர்? காட்டு! காட்டு!"

ஸ்டூல் இன்னொரு தடவை மேல போச்சு. இந்தத் தடவை வசுமதி மண்டைக்கு.

தொப்புனு ஒரு சத்தம். ஸ்டூல் கையிலேர்ந்து நழுவித்து. சுந்தரேஷ் கண்ணு ரெண்டும் மேல சொருகி, அப்படியே மண்டி போட்டு, சில்லு மேலயே குப்புற விழுந்தான். பின்னாடி மாதங்கி நிக்கறா. கையில அப்பாவோட பித்தளை பேப்பர் வெயிட். செத்துட்டானோன்னு வசுமதி குனிஞ்சு பார்த்தா. மூச்சு இருந்தது.

"கையைக் கட்டணும்," அப்படின்னா, மூக்கைப் பொத்திண்டு.

மாதங்கி கொடியிலேர்ந்து அப்பாவோட வேஷ்டியை எடுத்துண்டு வந்தா. ரெண்டு பேருமாக் கட்டினா. கட்டறச்சே அவ முழுக்கை ரவிக்கை மேல ஏறித்து. முழங்கை வரைக்கும் நீலமும் பச்சையும் மஞ்சளும், புதுசு மேல பழசு. வசுமதி பார்த்தா. அவ இழுத்து மூடிக்கல்லை.

"கேட் ரெஜிஸ்டர் போறும், செங்கம்மா வெளில வந்துடுவா," வசுமதி சொன்னா. "ஆனா ஏன் பண்ணினான்னு கேப்பா. அந்த லெட்டர் இருந்தா நன்னா இருக்கும். ப்ரிண்டை இவன் கிழிச்சிருப்பான். மாசி கம்ப்யூட்டர்ல தேடினான், ராமஜெயம் தவிர ஒண்ணும் இல்லைன்னான்."

"எத்தனை ராமஜெயம்?"

"பன்னண்டு ஃபைல்."

மாதங்கி கண்ணாடித் தூளையும் அதுக்குக் கீழ இருந்த படங்களையும் கையால ஒதுக்கினா. அடில வெறும் மரம், இருபது வருஷத்துக்கு அப்பறம் வெளிச்சம் பார்க்கறது. அது மேல மௌஸை வெச்சு நகர்த்தினா. அம்பு தண்ணில விட்ட மீன் மாதிரி போச்சு.

"அப்பா சனிக்கிழமைதான் ராமஜெயம் அடிப்பார் மாமி. மத்த நாள்ல அடிக்கவே மாட்டார்." பன்னண்டாவது ஃபைல்ல அம்பை நிறுத்தினா. "இது புதன்கிழமை. காலம்பற எட்டு மணி."

திறந்தா. ஸ்ரீராமஜெயம், ஸ்ரீராமஜெயம்னு ஒரு பக்கம், ரெண்டு பக்கம், மூணு பக்கம். அவ சக்கரத்தை உருட்டிண்டே போனா. நாலாவது பக்கத்துல 'காவல் துறை அதிகாரி அவர்களுக்கு' அப்படின்னு ஆரம்பிச்சிருந்தது. தேதி போட்டு, கிழமை போட்டு, எந்தக் கை, எந்தக் கன்னம், எல்லாம் ஆபீஸ் நோட் மாதிரி நம்பர் போட்டு எழுதியிருந்தார் மனுஷர். கடைசி வரி மட்டும் முடியல்லை. 'இதை என் மகள் சொல்ல மாட்டாள். ஆகவே நான்'. அதோட நின்னுடுத்து.

மாதங்கி 'ஆகவே நான்' என்கறதை அழிச்சா. 'என் மகள் சொல்ல மாட்டாள்' என்கறதையும் அழிச்சா. 'நான் சொல்கிறேன்'னு அடிச்சு, கீழ தன் பேரைப் போட்டு, ப்ரிண்ட் கொடுத்தா.

போலீஸ் தாணாவுக்குப் போய்ச் சேர்ந்தப்போ மணி ஒண்ணேகால். மாசிலாமணி அங்கயே வந்துட்டான், மொபைல்ல ரெஜிஸ்டர் போட்டோ, பின் சீட்ல சாட்சிக்கு இஸ்மாயில் பாய் வேற. வசுமதி மூக்கைப் பார்த்ததும் திகைச்சுட்டான். "நான் இல்லாதப்ப சண்டை போட்டா எப்டி மேடம், எனக்கும் ரெண்டு வெச்சிருக்கக் கூடாதா?" அப்படின்னான்.

இன்ஸ்பெக்டர் லேசுல நம்பல்லை. ஸ்டேட்மெண்ட் ரெடி, வேன் ரெடி, இனிமே கோர்ட்ல பேசிக்கோங்கோன்னார். மாதங்கி லெட்டரை அவர் முன்னாடி வெச்சா. ரெண்டு கை ரவிக்கையையும் தோள் வரைக்கும் சுருட்டிண்டு, ரெண்டு கையையும் அவர் மேஜை மேல நீட்டினா. லெட்டர்ல இருந்த நம்பர் ஒவ்வொண்ணும் அந்தக் கையில இருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்தார், படிச்சார், திரும்பப் பார்த்தார். அரே பாப்ரேன்னார். ரெண்டு பேரை ஜீப்பை எடுத்துண்டு சுந்தரேஷைத் தூக்கிண்டு வரச் சொன்னார்.

அப்பறம் புது ஸ்டேட்மெண்ட் அடிக்கறதுக்காகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மௌஸை நகர்த்தினார். அம்பு நகரல்லை. தட்டினார். மூலைக்குத் தாவித்து. அவர் மேஜை மேலயும் பளபளன்னு கண்ணாடி.

"ஏக் மினட், சார்," அப்படின்னான் மாசிலாமணி. மேஜைல இருந்த ஒரு காகிதத்தை எடுத்தான். செங்கம்மாவைத் திகாருக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு எழுதி வெச்சிருந்த காகிதம், கைநாட்டு வைக்கற இடம் காலியாவே இருந்தது. அதைக் கவுத்துப் போட்டு மௌஸுக்கு அடியில தள்ளினான்.

"இப்ப ஓட்டுங்க சார்."

சர்ருனு ஓடித்து.